லூயிஸ் வந்தாச்சா?

உங்ககிட்ட ஒரு கேள்வி. 2020 லாக்டவுன்ல நீங்க என்ன பார்த்தீங்க? வெப் சீரிஸா? டல்கோனா காபி வீடியோவா? இல்ல, ஆன்லைன் கிளாஸ்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக் கூரையைப் பார்த்தீங்களா?

நான் ஒரு பைன் மரத்தோட உச்சியைப் பார்த்தேன். ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, முழுசா நாலு மாசம். மரம் இருந்தது ஸ்காட்லாந்துல. நான் இருந்தது வேதாரண்யம் பக்கம் ஒரு மீனவர் கிராமத்துல, எங்க வீட்டுத் திண்ணையில.

சிரிக்காதீங்க. முழுசாப் படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

அப்போ நான் முதல் வருஷம், ரெண்டாவது செமஸ்டர். ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னதும் ரெண்டு செட் துணியோட ஊருக்கு வந்தவள்தான். ரெண்டு வாரத்துல திரும்பிடலாம்னு நினைச்சு மீதியை அலமாரியிலேயே விட்டுட்டு வந்தேன். நீங்களும் அப்படித்தான் வந்திருப்பீங்க. வீட்டுல டவர் கிடைக்கிற ஒரே இடம் திண்ணை. அங்க உட்கார்ந்து மெட்டீரியல் சயின்ஸ் கிளாஸ் கேட்டுக்கிட்டிருந்தப்போ யூடியூப் தானா ஒரு நேரலையைக் காட்டியது. ஒரு பெரிய குச்சிக் கூடு. அதுல ஒரு பறவை. பின்னாடி ஏரி, மலை, மேகம். அவ்வளவுதான். பாட்டு இல்ல, பேச்சு இல்ல, காத்துச் சத்தம் மட்டும். கிளாஸை மியூட்ல போட்டுட்டு அதைப் பார்க்க ஆரம்பிச்சேன்.

அந்தப் பறவைக்குத் தமிழ்ல விராலடிப்பான்னு பேர். ஆஸ்ப்ரேன்னு சொன்னா சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். மீனைத் தவிர கிட்டத்தட்ட வேற எதையும் திங்காத ஒரு பருந்து சாதி. அந்தக் கூடு இருந்தது ஸ்காட்லாந்தோட மேட்டு நிலத்துல, லாக் ஆர்க்கெய்க்ங்கிற ஏரியோரக் காட்டுல. உட்லேண்ட் டிரஸ்ட்ங்கிற அமைப்பு கூட்டுக்கு மேல கேமரா வச்சு, உலகம் முழுக்க யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி நேரலை விட்டிருந்தாங்க. ஆண் பறவைக்கு லூயிஸ்னு பேர், பெண்ணுக்கு ஐலா. ரெண்டும் குளிர்காலத்துல வெவ்வேற இடத்துக்குப் போயிடும். ஏப்ரல் வாக்குல தனித்தனியாத் திரும்பி வந்து அதே கூட்டுல சந்திக்கும்.

முதல்ல நான் தனியாத்தான் பார்த்தேன். அப்பா ஒட்டிக்கிட்டது அப்புறம்.

எங்க அப்பாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அப்பாவுக்குச் சொந்தமா ஒரு ஃபைபர் போட் இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தப்போ அது ரெண்டாப் போச்சு. அதுக்கப்புறம் அடுத்தவங்க விசைப்படகுல கூலிக்குப் போக ஆரம்பிச்சாங்க. கையில வேலை இல்லாம உட்காரத் தெரியாத மனுஷன். 2020 ஏப்ரல்ல என்ன ஆச்சுன்னா, ஏற்கெனவே ஊரடங்கு, அதுக்கு மேல 15-ஆம் தேதி தடைக்காலமும் ஆரம்பிச்சது. கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இது தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். மீன் இனப்பெருக்கம் செய்யற காலம்னு நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த வருஷம் மட்டும் அதை 47 நாளாக் குறைச்சு மே 31-ஓட முடிச்சாங்க. அப்போ நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயா இருந்தது.

ஆக, அப்பா திண்ணையில ஒரு பக்கம் உட்கார்ந்து வலை பொத்துவாங்க. நான் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் அதிகமாப் பேசிக்க மாட்டோம். அதுக்கு என் பக்கம் ஒரு காரணம் இருந்தது. முதல் செமஸ்டர்ல எனக்கு எம்-1 அரியர். வீட்டுல சொல்லல. அரியர் எழுதப் பணம் கட்டக் கடைசித் தேதி வந்தப்போகூட வாய் வரல. கடன் வாங்கிக் கட்டின ஃபீஸ் ரசீது டிரங்குப் பெட்டியில மடிச்சு இருக்கிறதைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது? "ரிசல்ட் என்ன ஆச்சு பாப்பா"ன்னு கேட்டப்போ "நல்லா வந்திருக்குப்பா"ன்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வரிக்கப்புறம் அப்பா முகத்தைப் பார்த்துப் பேசறதையே குறைச்சுட்டேன்.

ஒரு நாள் நூல் கண்டுல சாய்ச்சு வச்சிருந்த போனை அப்பா எட்டிப் பார்த்தாங்க.

"என்ன பாப்பா, அசையாத படமா இருக்கு?"

"படம் இல்லப்பா, நேரலை. பருந்து அடை காக்குது."

கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க. அப்போ லூயிஸ் ஒரு மீனோட கூட்டுல வந்து இறங்கினான். மீனுக்குத் தலை இல்ல.

"பாரு, தலையத் தின்னுட்டுதான் வீட்டுக்குக் கொண்டாந்திருக்கான்" அப்படின்னு அப்பா சிரிச்சாங்க. "இவன நான் பாத்திருக்கேனே. பனி மாசத்துல நம்ம உப்பளத்துப் பக்கம் வருவான். மேல நின்னு நின்னு பாத்துட்டு, காலை முன்னால நீட்டிக்கிட்டு விழுவான் பாரு..."

நான் தேடிப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. விராலடிப்பான் அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்துலயும் இருக்கு. கோடியக்கரையில குளிர்காலத்துக்கு வருது. ஆனா நம்ம ஊருக்கு வர்றது லூயிஸோட சொந்தக்காரன் இல்ல. இங்க வர்றது ஆசியாவோட வடக்குப் பக்கத்துல இருந்து. ஸ்காட்லாந்துப் பறவைகள் போறது மேற்கு ஆப்பிரிக்கா, செனகல், காம்பியா பக்கம். கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர்.

அன்னையில இருந்து அப்பாவுக்கு ஒரே கேள்வி. காலையில எழுந்ததும் அதான், சாப்பிட்டுக் கை கழுவினதும் அதான்: "லூயிஸ் வந்தாச்சா?"

நேர வித்தியாசம் எங்களுக்கு வசதியா அமைஞ்சது. அங்க கோடையில நம்மள விட நாலரை மணி நேரம் பின்னாடி. எங்களுக்கு காலை ஒன்பது மணி கிளாஸ், அங்க அப்போதான் விடியும். ராத்திரி பத்து மணிக்கு நாங்க படுக்கப் போறப்போ அங்க சாயங்காலம் அஞ்சரை. ஜூன் மாசம் அங்க ராத்திரி பத்து மணிக்கு மேலதான் இருட்டும். அதனால எப்பப் போனை எடுத்தாலும் அங்க வெளிச்சம்தான். பிரச்சினை டேட்டா மட்டும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. கிளாஸுக்குப் போக மிச்சம் இருக்கிறதுல 144பி-ல பார்ப்போம். பறவை சில நேரம் சதுரம் சதுரமாத் தெரியும். அப்பாவுக்கு அதுவே போதும்.

ஐலா மூணு முட்டை வச்சிருந்தா. சுமார் 37 நாள் அடை. பெரும்பாலும் அவதான் உட்காருவா. அவன் மீனோட வந்து அவளைச் சாப்பிட விட்டுட்டு மாத்தி உட்காருவான். முட்டையில ஏறி உட்காரும்போது நகத்தை எல்லாம் உள்ள மடக்கி, முஷ்டி மாதிரி வச்சுக்கிட்டு மெதுவா நடக்கும். குத்திடக் கூடாதாம். மீனைத் தூக்கற அதே நகம்.

இந்தக் காலைப் பத்தி நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு வார்த்தை. மத்தப் பருந்துக்கு மூணு விரல் முன்னாடி, ஒண்ணு பின்னாடி. இதுக்கு வெளிவிரலைப் பின்னாடி திருப்பிக்க முடியும். அதாவது ரெண்டுக்கு ரெண்டு பிடி. பாதத்துக்கு அடியில குட்டிக் குட்டி முள்ளு, வழுக்குற மீனைப் பிடிக்க. தண்ணிக்குள்ள பாயும்போது மூக்குத் துவாரம் மூடிக்கும். தூக்கிக்கிட்டுப் பறக்கும்போது மீனைத் தலை முன்னாடி இருக்கிற மாதிரி நேர்கோட்டுல திருப்பி வச்சுக்கும், காத்து தடுக்காம இருக்க. கிரிப்பர் டிசைன், டிராக் குறைப்பு ரெண்டுமே ஒரே டிராயிங்ல. இதை நான் அப்பாகிட்ட பெருமையா விளக்கினேன். அவங்க கேட்டுட்டு, "போட்டையும் அப்படித்தானே ஓட்டுறோம். காத்துக்குக் குறுக்க வச்சா யாரு போறது?" அப்படின்னாங்க. நாலு வருஷப் படிப்பு அவ்வளவுதான்.

அந்தக் கூட்டோட பழைய கதையையும் படிச்சுச் சொன்னேன். 2018-ல இதே கூட்டுல இருந்த மூணு முட்டையையும் பைன் மார்ட்டென்ங்கிற ஒரு பிராணி, நம்ம கீரி சாயல்ல இருக்கும், ராத்திரி மரத்துல ஏறித் தின்னுட்டுப் போயிருக்கு. இருட்டுலயும் பார்க்கிற கேமரா அதை அப்படியே காட்டியிருக்கு. அந்த வருஷம் குஞ்சே இல்ல. அடுத்த வருஷம் ரெண்டும் திரும்பி வந்து மறுபடி ஆரம்பிச்சிருக்கு.

அப்பா நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டே, "நமக்கும் அந்த வருஷம்தான்" அப்படின்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல.

மே கடைசியில குஞ்சு பொரிஞ்சது. ஒரே நாள்ல இல்ல, ரெண்டு மூணு நாள் இடைவெளியில ஒண்ணொண்ணா. சாம்பல் கலர்ல, கழுத்து நிக்காம, பஞ்சு மாதிரி. ஐலா மீனை நுணுக்கி நுணுக்கி, தலையைச் சாய்ச்சு, அலகு முனையால ஊட்டுவா. மூணுக்கும். மேல கழுகு கிழுகு பறந்தா ஒரு சத்தம் கொடுப்பா. அவ்வளவுதான், மூணும் கூட்டோட தரையில தோசை மாதிரி ஒட்டிப் படுத்துக்கும். மேல இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. எங்க அம்மா அடுப்படியில இருந்து வந்து அதைப் பார்த்துட்டு, "நான் இத்தன வருஷமாக் கத்துறேன், இந்த வீட்டுல யாரு படுத்தா?" அப்படின்னாங்க.

குஞ்சுகளுக்கு மக்கள் ஓட்டுப் போட்டுப் பேர் வச்சாங்க. டாடி, வேரா, கேப்டன். முதல் பேர் ஸ்காட்லாந்து ரக்பி வீரர் டாடி வியரோடது. வேரா, அந்த ஜூன்ல இறந்துபோன பாடகி வேரா லின். கேப்டன், நூறு வயசை நெருங்கும்போது வீட்டுத் தோட்டத்துல நடந்து மருத்துவ ஊழியர்களுக்காக நிதி திரட்டின கேப்டன் டாம் மூர். எங்க அம்மாவுக்கு 'கேப்டன்' மட்டும் ரொம்பப் பிடிச்சது. காரணம் வேற. நம்ம ஊர்ல கேப்டன்னா யாருன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

ஜூன்ல படகு போக ஆரம்பிச்சது. அப்பா கிளம்பினாங்க. போய் வந்த முதல் தடவை சரியாப் படல. ரெண்டாவது தடவை டீசல் காசுக்கே காணல. பங்குன்னு பிரிச்சுக் கொடுக்க ஒண்ணும் இல்ல. அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டு, வழக்கம்போல திண்ணைக்கு வந்தாங்க. ஆனா அந்தக் கேள்வியைக் கேட்கல. நானே போனை நிமிர்த்தி வச்சேன்.

அங்க மழை. காத்துல மரமே ஆடுது. ஐலா ரெண்டு சிறகையும் குடை மாதிரி விரிச்சு மூணு குஞ்சு மேலயும் நின்னுக்கிட்டு இருக்கா. குஞ்சுக இப்போ பெருசு, முழுசா மறையல. தண்ணி அவ முதுகுல வழியுது. கத்திக்கிட்டே இருக்கா, சாப்பாடு கேட்டு. ரொம்ப நேரமா லூயிஸைக் காணோம்.

அப்புறம் வந்தான். கூட்டு விளிம்புல இறங்கினான். கால்ல ஒண்ணும் இல்ல.

ஐலா கத்தறதை நிறுத்தல. அவன் அவ முகத்தைப் பார்க்கல. ஏரிப் பக்கம் திரும்பிக்கிட்டு நனைஞ்சபடி நின்னான். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் அதே மழையில திரும்பக் கிளம்பிப் போயிட்டான்.

"வெறுங்கையோட வர்றதுக்கு வராமலே இருந்திருக்கலாம்னு தோணும் அவனுக்கு" அப்படின்னாங்க அப்பா.

குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கல. பார்த்தா அழுதுடுவேன்னு தெரியும். அந்த நேரத்துல ஏன் அதைச் சொன்னேன்னு இப்பவும் எனக்குப் புரியல. போனைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டேன்.

"அப்பா, எனக்கு மேத்ஸ்ல அரியர். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது, ஸ்காட்லாந்து மழை. அப்பா ரொம்ப நேரம் பேசல. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"எத்தனைல?"

"ஒண்ணுலதான்."

"எப்பலேருந்து?"

"ஜனவரியிலேருந்து."

"அதான் அஞ்சு மாசமா மூஞ்சியக் குனிஞ்சுக்கிட்டே பேசுறியா." கொஞ்சம் நிறுத்திட்டுக் கேட்டாங்க, "திரும்ப எழுதலாம்ல?"

"எழுதலாம். பணம் கட்டணும்."

"சொன்னாத்தானே கட்ட முடியும்."

அவ்வளவுதான் பேச்சு. அப்பா எழுந்து போயிடல. நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம். பதினொண்ணரைக்கு டேட்டா தீர்ந்து படம் நின்னுபோச்சு. அதுவரைக்கும் லூயிஸ் வரல. காலையில முதல் வேலையாப் போனைப் போட்டேன். கூட்டுல பாதி மீன் கிடந்தது. மூணு குஞ்சும் தொண்டை புடைச்சுப் படுத்திருந்தது. அப்பா படகுக்குப் போயாச்சு. அம்மாகிட்ட போன் வாங்கி அப்பாவுக்கு ஒரு வரி சொன்னேன், "வந்துட்டான்பா."

இந்தக் கதையில ஒரு காமெடியும் உண்டு. அந்த ஆகஸ்ட்ல அரசு என்ன அறிவிச்சதுன்னு ஞாபகம் இருக்கா? அரியருக்குப் பணம் கட்டினவங்க எல்லாரும் பாஸ்! போஸ்டர் எல்லாம் அடிச்சுக் கொண்டாடினீங்களே. நான் வீட்டுல சொல்லப் பயந்து பணமே கட்டாதவள். என் வகுப்புல எனக்கு மட்டும்தான் அந்த அறிவிப்பு சோகச் செய்தி. பின்னாடி அது நீதிமன்றம் வரைக்கும் போனது தனிக் கதை. நான் அடுத்த வருஷம் ஒழுங்காப் பணம் கட்டி, எழுதி, பாஸ் பண்ணேன்.

ஜூலையில குஞ்சுக சிறகடிச்சுப் பழகும். கூட்டுக்கு மேலேயே ஒரு அடி எழும்பி, ஹெலிகாப்டர் மாதிரி நின்னு, பயந்து இறங்கிடும். முதல் குஞ்சு உண்மையாவே பறந்து போன அன்னைக்கு நாங்க யாரும் பார்க்கல. எனக்கு இன்டர்னல் டெஸ்ட். அப்பா கடல்ல. இப்படித்தான் நடக்கும் போல. மூணும் நல்லபடியாப் பறந்தது.

ஆகஸ்ட்ல இன்னொரு விஷயம் தெரிஞ்சு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விராலடிப்பான்ல முதல்ல கிளம்பறது அம்மாதான். அப்பா இருந்து குஞ்சுகளுக்கு மீன் கொண்டுவந்து போடும். அப்புறம் குஞ்சுகளும் ஒண்ணொண்ணாக் கிளம்பிடும். யாரும் கூடப் போறதில்ல, யாரும் வழி காட்டறதில்ல. பொறந்து மூணு மாசத்துக் குஞ்சு, கடலையும் பாலைவனத்தையும் தாண்டித் தனியா ஆப்பிரிக்கா போகுது. முதல் பயணத்தைத் தாண்டாத குஞ்சுகளும் நிறைய. தாண்டினது ரெண்டு, மூணு வருஷம் அங்கேயே இருந்துட்டுத்தான் பொறந்த ஊர்ப் பக்கம் திரும்பும்.

ஸ்காட்லாந்துல இந்தப் பறவையோட கதையே அப்படித்தான். வேட்டையாடியும் முட்டை திருடியும் 1916 வாக்குல பிரிட்டன்ல கூடு கட்டற விராலடிப்பானே இல்லாமப் போச்சு. 1954-ல ஒரு ஜோடி தானா வந்து லாக் கார்ட்டென் ஏரிக்கரையில கூடு கட்டினது. 1958-ல காவலையும் மீறி ஒருத்தன் ராத்திரி மரத்துல ஏறி முட்டையைத் திருடிட்டு, அதுக்குப் பதிலா ஷூ பாலிஷ் பூசின கோழி முட்டையைக் கூட்டுல வச்சுட்டுப் போனான். அடுத்த வருஷம் பறவைப் பாதுகாப்புக்காரங்க ஒரு முடிவு எடுத்தாங்க. கூடு இருக்கிற இடத்தை மறைக்காம, தூரத்துல நின்னு பார்க்க மக்களையே கூப்பிட்டாங்க. ஆயிரக்கணக்குல வந்தாங்க. அத்தனை பேர் கண்ணு இருக்கிற இடத்துல திருடறது கஷ்டம். நான் திண்ணையில இருந்து பார்த்த கேமரா அந்த யோசனையோட பேரப்பிள்ளை மாதிரி.

2021 ஏப்ரல். மறுபடி தடைக்காலம், மறுபடி ஊரடங்கு, இரண்டாவது அலை. மறுபடி நான் திண்ணையில. கேமரா ஓடுது. கூடு காலியா இருக்கு.

லூயிஸ் வந்தான். குச்சி எடுத்து வச்சான். ஐலா வரல. இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு நாங்க பார்த்துக்கிட்டே இருந்தோம். எங்களை மாதிரி உலகம் பூரா பல பேர் அந்தக் காலிக் கூட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் லூயிஸும் அந்தக் கூட்டுக்கு வர்றதை நிறுத்திட்டான். அதே காட்டுல வேற ஒரு கூட்டுல, வேற துணையோட குடும்பம் நடத்தறான்னு பின்னாடி தெரிஞ்சது. ஐலாவுக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது.

"ஒரு மாசம் பொறுக்கல பாரு ஆம்பள" அப்படின்னாங்க அம்மா.

அப்பா பதில் சொல்லல. எங்க தெருவுல ஒரு அத்தை இருக்காங்க. மாமா கடலுக்குப் போய் வரல. அது நடந்து பதினோரு வருஷம். அத்தை இன்னும் பொட்டு வச்சிருக்காங்க, யாரும் அதைப் பத்திப் பேச மாட்டோம். அன்னைக்கு அப்பா பார்வை அந்த வீட்டுப் பக்கம் போனதை நான் கவனிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "நிறுத்திடு பாப்பா, டேட்டா வீணாகுது" அப்படின்னாங்க. நான் நிறுத்தல. அவங்களும் எழுந்து போகல.

இப்போ காலேஜ் திறந்தாச்சு. ஹாஸ்டலுக்கு வந்துட்டேன். அலமாரியில விட்டுட்டுப் போன துணியை எலி பார்த்துக்கிச்சு. கிளாஸ், ரெக்கார்டு, லேப்னு ஓடுது. இதை எல்லாம் எழுதணும்னு தோணினது போன வாரம்தான். சாயங்காலம் அப்பா போன் பண்ணாங்க. எப்பவும் அம்மாதான் பண்ணுவாங்க, அப்பா பண்ணினா எனக்குப் பயம்.

"என்னப்பா?"

"வந்துட்டான் பாப்பா."

"யாருப்பா?"

"உப்பளத்துக் கம்பத்து மேல உக்காந்திருக்கான். மடவை ஒண்ணு வச்சிருக்கான். தலையத் தின்னுட்டான், மீதியத் திங்குறான்."

லூயிஸ் இல்லன்னு அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரிச்சோம். அப்புறம் அப்பாவே கேட்டாங்க, "இந்த தடவ எல்லாத்துலயும் பாஸாயிடுவியா?" ஒண்ணு கஷ்டம்தான்பா, பார்க்கலாம்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

உங்க ஊர்ல பெரிய ஏரியோ, அணையோ, கழிமுகமோ இருந்தா, அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாருங்க. வயிறு வெள்ளை, முதுகு பழுப்பு, கண்ணு வழியா ஒரு கறுப்புப் பட்டை. தண்ணிக்கு மேல ஒரே இடத்துல சிறகடிச்சு நின்னு, காலை முன்னாடி நீட்டிக்கிட்டு விழும். மீன் இல்லாம எழும்பினா சிரிக்காதீங்க. இன்னொரு தடவை விழற வரைக்கும் நில்லுங்க.